எமிலியாவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கிலத் துன்பியல் நாடகங்களின் பெண்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த மேடையில் பெண்ணுக்கு இரண்டே வேடம்தான், ஒன்று வாய் திறக்காமல் சாகிறவள், இல்லையென்றால் கொலைக்குத் தூண்டுகிறவள் என்று கட்டுரையாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். முதல் வகைக்கு ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வில் கணவன் ஒதெல்லோ சந்தேகப்பட்டுக் கொல்லும் டெஸ்டிமோனா, அடுத்ததற்கு அவருடைய 'மேக்பெத்' நாடகத்தில் வரும் லேடி மேக்பெத். பல வருடம் கல்லூரியில் 'ஒதெல்லோ' நடத்தியவள் நான். என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

டெஸ்டிமோனா வாயில்லாப் பூச்சியா? முதல் அங்கத்திலேயே வெனிஸ் ஆட்சிமன்றத்தின் நடுவில் நின்று, அப்பாவின் முகத்துக்கு நேராக, இவர்தான் என் கணவர், சைப்ரஸுக்கும் இவரோடு போவேன் என்கிறாள். கடைசியில் 'யார் செய்தது இதை?' என்று கேட்டதற்கு 'யாருமில்லை, நானேதான்' என்று கணவனைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறாள் என்பது உண்மைதான். அந்த வரி வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அதே அறையில் கூச்சல் போடுகிறவளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

அவள்தான் எமிலியா, டெஸ்டிமோனாவின் பணிப்பெண், ஒதெல்லோவின் மனதில் சந்தேகத்தை விதைக்கும் இயாகோவின் மனைவி. டெஸ்டிமோனா தவறவிட்ட கைக்குட்டையை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தவள்; அதைத்தான் அவன் டெஸ்டிமோனாவின் துரோகத்துக்குச் சாட்சியாக்குகிறான். எங்கே தொலைத்தேன் என்று டெஸ்டிமோனா தவிக்கும்போது, தெரியாது என்று கூசாமல் பொய் சொல்கிறாள். உத்தமி இல்லை. அதே எமிலியா நான்காம் அங்கத்தில், மனைவி தடம் மாறினால் குற்றம் கணவனுடையது என்கிறாள். பெண்களுக்கும் பார்க்கத் தெரியும், முகரத் தெரியும், இனிப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரியும் என்கிறாள். கடைசிக் காட்சியில் இயாகோ 'வீட்டுக்குப் போ' என்று அதட்ட, அவள் சொல்லும் பதில்: 'அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவது முறைதான், ஆனால் இப்போது இல்லை. இயாகோ, இனி நான் வீட்டுக்கே வராமலும் போகலாம்.' உண்மையைப் போட்டு உடைக்கிறாள், அவன் குத்திவிடுகிறான்.

கணவர்களைப் பற்றிய அந்தப் பேச்சு 1622இல் வந்த முதல் அச்சில் இல்லை, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் இருக்கிறது. அதே காட்சியில் டெஸ்டிமோனா பாடும் 'வில்லோ' என்ற சோகப் பாட்டும் அப்படித்தான். அப்போது பையன்களே ஸ்திரீபார்ட் கட்டினார்கள் அல்லவா, பாடுகிற பையனுக்குக் குரல் உடைந்திருக்கும், அதனால் பாட்டை எடுத்திருப்பார்கள் என்று ஓர் ஊகம் உண்டு. சரி, பாட்டுக்கு அது காரணம் என்றே வைத்துக்கொள்வோம். பேச்சை எதற்கு எடுக்க வேண்டும்? பின்னாளிலும் மேடையில் கத்தரி விழுந்தது பெரும்பாலும் இந்தக் காட்சியில்தான். தாமஸ் ரைமர் என்ற விமர்சகர் 1693இல், நல்ல மனைவிமார் தங்கள் துணிமணிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், இந்த நாடகத்தின் நீதிகளில் இதுவும் ஒன்று என்று நக்கலடித்தார். எமிலியாவை வெட்டிவிட்டுப் பார்த்தால் அந்த நக்கல் கொஞ்சம் பொருந்தவும் செய்யும்!

லேடி மேக்பெத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. 1785இல் லண்டனில் அந்த வேடத்தில் பெரும்புகழ் பெற்ற நடிகை சாரா சிடன்ஸ், தன் குறிப்புகளில் அவளைத் தளிர் போன்ற, எளிதில் உடையக்கூடிய பெண்ணாகத்தான் கற்பனை செய்திருந்தார். கட்டுரையாளர் சொல்லும் ராட்சசி அங்கே இல்லை.

ஷேக்ஸ்பியரோடு நிறுத்திக்கொண்டதும் குறைதான். ஜான் வெப்ஸ்டரின் 'டச்சஸ் ஆஃப் மால்ஃபி' 1623இல் அச்சானது. விதவையான கோமகள் தன் அரண்மனை நிர்வாகியைத் தானே கேட்டு மணக்கிறாள். அதற்காக அவளுடைய சகோதரர்கள் ஆள் வைத்துக் கழுத்தை நெரிக்கிறார்கள். 'நான் இன்னமும் மால்ஃபியின் கோமகள்தான்' என்ற அவளுடைய வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு மறக்காதது வேறு. கயிறு காத்திருக்கும்போது பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, பையனுக்குச் சளி பிடித்திருக்கிறது, மருந்து கொடு, பெண்ணைத் தூங்கும் முன் பிரார்த்தனை சொல்ல வை என்கிறாள். இவளைக் கட்டுரையாளர் தன் இரண்டு பெட்டிகளில் எதில் போடுவார் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
மயிலாடுதுறை