வடகம் வந்து சேர்ந்துச்சு, அம்மா

சார்செல், பாரிஸ்
பிப்ரவரி 5

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்க நாலு பேரும் நல்லா இருக்கோம். நீயும் அப்பாவும் தங்கச்சி வீட்டுல எல்லாரும் நலமா இருக்கணும்னு மணக்குள விநாயகரை வேண்டிக்கறேன்.

வில்லியனூர் மாமா ஞாயித்துக்கிழமை வந்து பார்சலைக் கொடுத்துட்டுப் போனார். உன் கடிதம் ஊறுகாய் பாக்கெட்டோட ஒட்டிக்கிட்டு ஓரமெல்லாம் எண்ணெய் ஏறியிருந்துச்சு. "நாலு மாசமா ஒரு வரி இல்ல, போன்ல பேசினா சரி சரின்னு வெச்சிடற"ன்னு எழுதியிருக்க. அதைப் படிச்சதுல இருந்து மனசு ஒரு நிலையில இல்ல. போன்ல பேசறப்ப பக்கத்துல யாராவது இருக்காங்க, உனக்கும் இப்பல்லாம் காது சரியா கேக்கல. இதெல்லாம் கத்திச் சொல்ற விஷயமா? அதான் உட்கார்ந்து எழுதறேன். தங்கச்சியைப் படிச்சுக் காட்டச் சொல்லு. அவளுக்கும் இதுல சேதி இருக்கு.

முதல்ல பார்சல். முந்திரியும் மல்லாட்டை உருண்டையும் வந்த அன்னிக்கே பாதி காலி. பெரியவன் உருண்டையைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டான். கேழ்வரகு மாவையும் பெருங்காய டப்பாவையும் மட்டும் நான் தொடல. கோவிச்சுக்காத, எனக்கு இருக்கறது சீலியாக்னு ஒரு குடல் நோய், கோதுமை துளிகூட ஆகாது. காரணம் சொல்றேன்.

போன வருஷம் பொங்கலுக்கு நீ அனுப்பின பெருங்காயத்தைப் போட்டு சாம்பார் வெச்சேன். மூணு நாள் எழுந்திருக்க முடியல. உன்கிட்ட குளிர் ஜுரம்னு சொன்னேன். அது ஜுரம் இல்லம்மா. நல்லானதும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்துல மைதான்னு போட்டிருந்துச்சு. கூட்டுப் பெருங்காயம்னாலே பெரும்பாலும் மாவு கலந்ததுதானாம். கட்டியா இருந்தா சுத்தம்னு நாம நினைக்கறோம், அதுலயும் சேர்ப்பாங்க. நீ வேணும்னா செஞ்ச? இத்தனை வருஷம் சமைச்ச எனக்கே தெரியல. இப்போ பூண்டைத் தட்டிப் போட்டு ரசம் வெச்சுக்கறேன், பழகிடுச்சு.

கேழ்வரகும் அப்படித்தான். கேழ்வரகுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா நம்ம தெரு மெஷின்ல நமக்கு முன்னாடி நின்னவங்க கோதுமை அரைச்சிருந்தா அந்த மாவு இதுலயும் வந்துடும். இங்க சட்டப்படி ஒரு பொருளைக் குளூட்டன், அதாவது கோதுமையில இருக்கற புரதம், இல்லாததுன்னு எழுதி விக்கணும்னா ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல அது இருக்கக் கூடாது. அவ்வளவு கொஞ்சத்துக்கே கணக்குப் பார்க்கறாங்கன்னா மெஷின் மாவு எனக்கு ஆகுமா, நீயே சொல்லு. அடுத்த தடவை முழுக் கேழ்வரகாவே அனுப்பு, நான் பொறுக்கிக் கழுவிக் காயவெச்சு மிக்ஸியில அரைச்சுக்கறேன்.

நான் கோதுமை ஒத்துக்கலன்னு மட்டும் சொன்னப்ப, சூடுன்னு நினைச்சு மோர் குடிக்கச் சொன்ன. இது சூடும் இல்ல, அலர்ஜியும் இல்ல. நான் சொன்ன அந்த சீலியாக். கோதுமை, பார்லி, ரைங்கற இன்னொரு தானியம், இதுல எல்லாம் குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. பரோட்டாக்காரர் மாவை வீசறப்ப கிழியாம விரியுதே, அந்த இழுவை அதனாலதான். அது உள்ள போனா என் உடம்பே என் சிறுகுடலைத் தாக்குது. குடலுக்குள்ள வெல்வெட் துணி மாதிரி குட்டிக் குட்டியா துளிர் இருக்கும், சாப்பாட்டுச் சத்தை இழுக்கறதே அதுங்கதான். எனக்கு அது மழுங்கிப் போயிருந்துச்சு. காலேஜ் படிக்கறப்ப இருந்து எத்தனை இரும்புச் சத்து டானிக் வாங்கிக் கொடுத்திருப்ப! ரத்தம் ஏறவே இல்ல. ஊர்ல பார்த்த டாக்டர் வாயுத் தொந்தரவுன்னு மாத்திரை எழுதினார், நாமளும் நம்பினோம். ரெண்டு வருஷம் முன்னாடி இங்க ரத்தப் பரிசோதனை பண்ணி, அப்புறம் குழாய் விட்டுக் குடல்ல துளி சதை எடுத்துப் பார்த்துச் சொன்னாங்க. இதுக்கு மருந்து கிடையாது. ஆயுசுக்கும் அதைத் தொடாம இருக்கறதுதான் வழி.

இங்க இருக்கற டயட்டீசியன் அம்மா சொன்னாங்க, 1944-45 குளிர்காலத்துல ஹாலந்துல யுத்தத்தால பெரிய பஞ்சமாம். ரொட்டிக்கு மாவே இல்ல. ஊரே பட்டினியில கிடந்தப்ப இந்த நோய் வந்த குழந்தைங்க மட்டும் தேறினதை வில்லெம் டிக்கேன்னு ஒரு குழந்தை டாக்டர் கவனிச்சாராம். ரொட்டி திரும்ப வந்ததும் குழந்தைங்க மறுபடி படுத்துட்டாங்களாம். கோதுமைதான் காரணம்னு அப்படித்தான் உறுதியாச்சாம். அதைக் கேட்டப்ப எனக்கு நம்ம வீட்டு நோன்பு நாள் ஞாபகம் வந்துச்சு. சோறும் கஞ்சியும் மட்டும் சாப்பிட்ட நாள்ல எல்லாம் நான் நல்லாத்தான் இருந்திருக்கேன். யாரும் கவனிக்கல.

சமையல்கட்டை ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்கேன். ஜன்னல் பக்கம் என்னுது. என் தோசைக்கல், என் வடிதட்டு, என் கரண்டி எல்லாத்துலயும் சிவப்பு நூல் கட்டியிருக்கேன். மரக்கரண்டியும் சப்பாத்திப் பலகையும் மாவை உள்ள இழுத்து வெச்சுக்கும்னு அதெல்லாம் அவங்க பக்கம். வெண்ணெய்கூட ரெண்டு டப்பா, ஏன்னா ரொட்டியில தடவின கத்தியைத் திரும்ப உள்ள விட்டா துகள் விழும். இந்த ஊர் ரொட்டி இருக்கே, தொட்டாலே பொரிஞ்சு மேசையெல்லாம் சிதறும். உன் மாப்பிள்ளைக்கும் பிள்ளைங்களுக்கும் அது இல்லாம முடியாது. நானும் வேணாம்னு சொல்ல மாட்டேன். அப்பா சாயந்தரம் வேலை முடிஞ்சு வர்றப்ப சைக்கிள் ஹேண்டில்ல தொங்கவிட்டு சூடா ரொட்டி கொண்டு வருவாரே, டீயில தோய்ச்சுச் சாப்பிடுவோமே, அந்த வாசனைதான் இங்க தெரு முழுக்க. சின்னவ ஸ்கூல் விட்டு வந்து ரொட்டி தின்னுட்டா நேரா குழாயடிக்கு ஓடுவா. வாயைக் கொப்பளிச்சு, மோவாயைத் துடைச்சு, ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டுத்தான் எனக்கு முத்தம் கொடுப்பா. அஞ்சு வயசு. யாரும் அடிச்சுச் சொல்லித் தரல.

குளூட்டன் இல்லாத ரொட்டி தனியா விக்கறாங்க. அதுல எனக்கு அவ்வளவா விருப்பம் இல்ல, நமக்கு சோறு இருக்கே. அரசாங்கக் காப்பீட்டுல அதுக்கு ஒரு பங்கு திருப்பித் தர்றாங்க, பெரியவங்களுக்கு மாசம் 45.73 யூரோ வரைக்கும் கணக்கு. பாக்கெட்டுல இருக்கற சின்னச் சீட்டை வெட்டி ஒரு தாள்ல ஒட்டி அனுப்பணும். பெரியவன்தான் கோணாம ஒட்டித் தருவான்.

குளிர் இந்த வருஷம் கொஞ்சம் கூடத்தான். இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது. சுடுதண்ணி பாய்லர் பக்கத்துல, பெரியவனோட பழைய ஸ்வெட்டரைச் சுத்தி வெச்சா ரெண்டு நாள்ல லேசா எழும்பும். ஹீட்டர் நிறைய போட்டா எனக்குத் தலைவலி, அதனால சாயந்தரம் மட்டும் போட்டுக்கறோம். உன் மாப்பிள்ளைக்கு இப்ப வாரத்துல மூணு நாள்தான் வேலை. வீட்டுல கூடமாட ஒத்தாசையா இருக்கார், பிள்ளைங்களுக்கும் சந்தோஷம்.

மேல் மாடி அம்மாவைப் பத்திக் கேட்டிருந்த. எண்பத்திரண்டு வயசு, பிரான்சோட மேற்குக் கடலோரம் பிரெத்தாஞ் பக்கத்துக்காரங்க, ஒண்டிக்கட்டை. காபி போட்டா துடைப்பக் கட்டையால தரையில மூணு தட்டு தட்டுவாங்க, நான் மேல போகணும். போகலன்னா மறுபடி மூணு தட்டு. முதல் முதல்ல ஒரு கருப்பு தோசை மாதிரி செஞ்சு தந்தாங்க. அந்த மாவுக்குப் பேர் என்னன்னு கேட்டா "ப்ளே நுவார்", அதாவது கருப்புக் கோதுமைன்னாங்க! நான் பயந்துபோய் வேணாம்னுட்டேன். ஒரு மாசம் தட்டவே இல்ல அவங்க. அப்புறம்தான் டயட்டீசியன் சொன்னாங்க, பேர்தான் கோதுமை, கோதுமைக்கும் அதுக்கும் சொந்தமே இல்ல, வேற ஏதோ செடியோட விதையாம். கலப்படம் இல்லாம வாங்கினா நான் தாராளமா சாப்பிடலாமாம். நானே மேல போய்க் கதவைத் தட்டினேன். அன்னையில இருந்து எனக்குன்னு ஒரு கல்லைத் தேய்ச்சுத் தனியா மாட்டி வெச்சிருக்காங்க. மாவு, தண்ணி, உப்பு, அவ்வளவுதான். வட்டக் கல்லுல மாவை ஊத்தி மரத்துல செஞ்ச சின்ன வாரி ஒண்ணால இழுத்துச் சுத்தறாங்க. கரண்டியோட அடிப்பக்கத்தால நீ சுத்துவியே, அதே கைவாகு. அவங்க முறுகலா மடிச்சு எடுத்தப்ப எனக்கு உன் கைதான் தெரிஞ்சுது.

பிப்ரவரி 2 இங்க ஒரு பண்டிகை நாள், எல்லா வீட்டுலயும் இதைத்தான் சுடுவாங்க. ஒரு கையில காசைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கல்லைத் தூக்கி, தோசையை மேல எறிஞ்சு திருப்பணும். கீழ விழாம வந்தா அந்த வருஷம் கையில காசு தங்கும்னு நம்பிக்கை. வழக்கமா கோதுமை மாவுல செய்யறதை எனக்காகக் கருப்பு மாவுல செஞ்சாங்க. நானும் ஒரு யூரோவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பினேன். கிழியாம கல்லுலயே விழுந்துச்சு. அந்தக் காசை சாமி படத்துக்கிட்ட வெச்சிருக்கேன்.

அரிசிக்கும் மாவுக்கும் பாரிஸ்ல லா ஷப்பேல்ங்கற இடத்துக்குப் போவோம். இலங்கைத் தமிழங்க கடை வரிசையா இருக்கு. கேழ்வரகை அவங்க குரக்கன்னு சொல்றாங்க. புட்டு, இடியாப்பம்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்க முடியாது, அவங்க ஊர்ல கோதுமை மாவுலயும் செய்வாங்க. கேட்டுத்தான் வாங்கணும், கேட்டா பொறுமையா சொல்லுவாங்க. அங்க மாணிக்க விநாயகர் கோயிலும் இருக்கு. தட்டுல ரவா கேசரி வெச்சா கையை நீட்டாம நிக்கறதுதான் எனக்கு இன்னமும் கஷ்டமா இருக்கு. விபூதி மட்டும் வாங்கிக்கிட்டு வந்துடுவேன்.

கடைசியா வடகம். அதுவும் இன்னும் சமையலுக்கு எடுக்கல. நேத்து ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் டப்பா மூடியைத் திறந்து மூக்குக்கிட்ட வெச்சேன். சின்ன வெங்காயமும் பூண்டும் விளக்கெண்ணெயும், கூடவே வெயில் வாசனையும். மொட்டை மாடியில நீ முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு உருட்டி உருட்டி வைக்கற, நானும் தங்கச்சியும் காக்கா விரட்டறோம். அப்படியே கண்ணு முன்னாடி. இங்க பெரிய கடையில வதுவான்னு பேர் போட்டு சின்ன பாட்டில்ல வெச்சிருக்காங்க. நம்ம வடகம்தான் அது, புதுச்சேரியில இருந்து கத்துக்கிட்டுப் போனது. ஆனா வெயில் வாசனை இல்ல. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்னு தெரியல, அடுப்பு மேடையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. மாசி மகத்துக்கு மயிலம் முருகன் வைத்திக்குப்பம் வர்றப்ப எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கோ. கூட்டத்துல அப்பா கையை விடாத.

இனி தங்கச்சிக்கு. பாப்பா வயசுப் பிள்ளைங்க தோளுக்குக்கூட வரலன்னும், எப்பவும் வயிறு உப்பிக்கிட்டு இருக்குன்னும், ரத்தம் எட்டுதான் இருக்குன்னும் அம்மா எழுதியிருக்கா. எனக்குத் தூக்கமே வரல. இது குடும்ப வழியா வர்றது. பெத்தவங்க, கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்கள்ல சுமார் பத்துல ஒருத்தருக்கு வரலாம்னு சொல்றாங்க. என் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் பார்த்தாச்சு, இப்போதைக்கு இல்ல. பாப்பாவை ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போய், பெரியம்மாவுக்கு சீலியாக் இருக்குன்னு சொல்லி, டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனை எடுக்கணுமான்னு கேளு. தங்கச்சி, நீயும் எடுத்துக்கோ. அம்மாவும் தம்பியும்கூட எடுக்கணும். ஒண்ணு மட்டும் மறக்காத: பரிசோதனை முடியற வரைக்கும் பாப்பாவுக்குக் கோதுமையை நிறுத்தாத. நிறுத்திட்டா ரத்தத்துல தெரியாமலே போயிடும். முடிவு வந்தப்புறம் டாக்டர் சொல்றபடி செய். அப்படியே இருந்தாலும் பயப்படாத, நம்ம ஊர்ல பிறந்த பிள்ளைக்கு இட்லி தோசை சோறு கம்பு தினைன்னு என்ன பஞ்சம்?

அம்மா, நீ "நான்தான் இதை உனக்குக் கொடுத்துட்டேனா"ன்னு கேக்காத. அந்தக் கேள்வியை எழுதவே எழுதாத.

தம்பி கல்யாணத்துக்கு ஆவணி முகூர்த்தமே இருக்கட்டும், பிள்ளைங்க லீவுக்குச் சரியா வரும். சமையல்காரர்கிட்ட ரசத்துல பெருங்காயம் போடாம எனக்கு ஒரு சொம்பு தனியா எடுத்து வைக்கச் சொன்னா போதும், வேற ஒண்ணும் வேணாம். கீழ் போர்ஷன்காரங்க வாடகையை அப்பா தயங்காம கேட்கணும், மூணு மாசம் ஆச்சு. இந்த மாசம் பணம் கொஞ்சம் கம்மியா அனுப்பியிருக்கேன், அடுத்த மாசம் சேர்த்து அனுப்பறேன். உன் சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திடாத.

அப்பாவுக்கும் முத்தியால்பேட்டை அத்தைக்கும் என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் பெரிய மகள்

பி.கு.: போன சித்திரையில வடகம் உருட்டினப்ப பெருங்காயம் போட்டியா, இல்லையா? அதை மட்டும் உடனே எழுது. போடலன்னா எழுது, அன்னிக்கே தாளிச்சிடறேன்.