எத்தனை கிலோமீட்டர், எந்த நேரம், உள்ளேயா வெளியேயா? குழுச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா அழைத்துச் செல்லும் நிறுவனத்தார் அனைவருக்கும் வணக்கம்.

போன ஜூலையில் ஸ்பெயினின் செவியா நகரத்தில் நானும் என் கணவரும் ஒரு பகல் நடந்தோம். பயணத்திட்டத் தாளில் அந்த நாளுக்கு ஒரே வரிதான் இருந்தது: 'செவியா வாக்கிங் டூர் – கதீட்ரல், கிரால்டா கோபுரம், பிளாசா டி எஸ்பானா.' அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். எங்களை அழைத்துப்போனவர்கள் பெயரை எழுதவில்லை. ஊர் திரும்பியதும் இன்னும் மூன்று நிறுவனங்களின் தாள்களை வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இதே மாதிரி ஒரு வரிதான்.

என் கணவருக்கு வயது 67. வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது. சமதரையில் மெதுவாக நடந்துவிடுவார், படி மட்டும் ஆகாது. முப்பது வருடம் கட்டட மேற்பார்வையில் இருந்தவர் என்பதால் கிரால்டாவைப் பற்றிக் கிளம்புமுன்பே படித்து வைத்திருந்தார். 12ஆம் நூற்றாண்டில் மசூதியின் மினாராக எழும்பி, இப்போது கதீட்ரலின் மணிக்கோபுரமாக இருப்பது அது. உள்ளே படிக்கட்டு கிடையாது. சுற்றிச் சுற்றி மேலேறும் 35 சாய்தளங்கள். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போக வசதியாக இப்படிக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். உச்சிக்குப் பக்கத்தில் மட்டும் சில படிகள். "படி இல்லாத கோபுரம், இதுல நான் ஏறிடுவேன் பாரு" என்று வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

அன்று காலை முழுக்கப் பஸ்ஸில் போனது. சாப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கும்போது மணி ஒன்றரை. வழியில் ஒரு மருந்துக்கடையின் பச்சைச் சிலுவைப் பலகை 41 டிகிரி காட்டியது. சாந்தா குரூஸ் என்ற பழைய பகுதியின் சந்துகள் பரவாயில்லை. வெயில் தரைக்கு இறங்காதபடி குறுகலாக விட்டிருக்கிறார்கள். பெரிய கடைத்தெருக்களில் கோடைக்கு நம் பந்தல் மாதிரி குறுக்கே துணி கட்டுகிறார்கள். அதைத் தாண்டி வந்தால் கதீட்ரல் முன்னால் வெட்டவெளி. அங்கே நிற்க வைத்து, கொலம்பஸ் சவப்பெட்டியை நான்கு சிலைகள் தோளில் சுமக்கும் காட்சியை விவரித்தார்கள். அது இருப்பது உள்ளே. நாங்கள் வெளியே, தலையில் கைக்குட்டையோடு. கோபுரத்துக்கு எப்போது போகிறோம் என்று இவர் கேட்டார். "அங்கிள், வெளியிலிருந்துதான். டிக்கெட் இதில் சேராது" என்றார் குழு மேலாளர்.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. கோபுரத்தின் அடிப்பக்கம் போனார். ரோமானியர் காலத்துக் கற்களை எடுத்து அங்கே வைத்துக் கட்டியிருக்கிறார்கள், லத்தீன் எழுத்து இன்னும் தெரிகிறது. அதில் ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "சரி, கல்லையாவது தொட்டாச்சு, வா" என்றார்.

பிளாசா டி எஸ்பானா என்ற பெரிய சதுக்கம் அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல். பாதி வழியில், ஷட்டர் இழுத்திருந்த ஒரு கடையின் வாசற்கல்லில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நம் குழுவின் கொடி தெருமுனையில் திரும்பி மறைந்துவிட்டது. தெருவில் ஒரு ஆள் இல்லை. பாஷை தெரியாது. கையிலிருந்த அரை பாட்டில் தண்ணீரை அவர் தலையில் ஊற்றுவதா, குடிக்கக் கொடுப்பதா என்றுகூட எனக்குப் புரியவில்லை. கால் மணி நேரம் கழித்து அந்த மேலாளர் ஓடி வந்தார். முப்பத்திரண்டு பேரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1929 கண்காட்சிக்காகக் கட்டிய அந்தப் பிளாசாவில் ஸ்பெயினின் மாகாணத்துக்கு ஒன்றாக, ஓடுகளில் ஓவியம் தீட்டிய 48 மாடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் இவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் பார்த்த பிளாசா அவ்வளவுதான்.

ஐயா, உலகத்தில் முதன்முதலாக வெப்ப அலைக்குப் பெயர் வைத்த ஊர் அது. 2022 ஜூலையில் 'ஸோயே' என்று வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் மதியம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாம் மட்டும்தான் அந்த நேரத்தில் தெருவில் இருந்தோம். மதுரைக்கு வருகிறவர்களை நடை சாத்திய உச்சிவேளையில் சித்திரை வீதியைச் சுற்றிவர அழைத்துப் போவீர்களா? செவியாவில் ஜூலையில் சூரியன் மறைய இரவு ஒன்பதரைக்கு மேல் ஆகும். கோபுரத்தைக் காலையிலும் பிளாசாவை மாலை ஏழரைக்கு மேலும் காட்டியிருக்கலாம். நாங்களோ ஏழு மணிக்கு இந்திய உணவகத்தில் பருப்பும் சாதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஊர் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தது.

ஒன்பது நாளில் எத்தனை ஊர் என்று எண்ணிக்கை காட்டினால்தான் ஆள் சேரும் என்பீர்கள். உங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் ஓய்வூதியப் பணத்தில் வருகிறவர்கள். பிள்ளைகள் போனில் பதிவு செய்து கொடுத்ததை நம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள். அந்த எண்ணிக்கையைச் சுமந்து நடப்பது அவர்கள் கால்தான்.

அதனால்தான் கேட்கிறேன். பணம் வாங்குவதற்கு முன்னால், ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை கிலோமீட்டர் நடை, எந்த நேரத்தில், பார்க்கப்போகும் இடத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று தாளில் எழுதிக் கொடுங்கள். 'கிரால்டா – வெளியிலிருந்து மட்டும்' என்று மூன்று வார்த்தை இருந்திருந்தால், நாங்களே தனியாக டிக்கெட் எடுத்து மேலே போயிருப்போம். அந்த மத்தியான நடைக்கு வராமல் அறையில் இருந்திருப்போம்.

என் நாத்தனாரும் அவர் கணவரும் வரும் ஜூனில் இதே ஊர்களுக்குப் போகத் தாள்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள். யாரிடம் பணம் கட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவர்களுக்குக் கொடுக்கும் தாளிலாவது எத்தனை கிலோமீட்டர், எந்த நேரம், உள்ளேயா வெளியேயா என்று தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஜூலைப் பயணத்தில் வந்த ஒரு மனைவி