கண்களை மூடச் சொல்வதற்கு முன்: பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். ஆறாம் வகுப்பு முதல் எல்லா மாணவர்களுக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் (மூச்சிலும் நிகழ்கணத்திலும் கவனத்தை நிறுத்தும் மனப்பயிற்சி) வகுப்பு உண்டு என்பது இப்போது சேர்க்கை விளம்பரங்களில் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. பிள்ளைகளின் மனநலத்தில் நிர்வாகங்கள் அக்கறை காட்டுவது நல்லதே. ஆனால் அதைக் கட்டாயப் பாடவேளையாக்கும் முடிவை ஒத்திவைத்து, முதலில் ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று பள்ளி ஆலோசகர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்திய ‘மிரியட்’ ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் பாடமும் மற்றதற்கு வழக்கமான வாழ்க்கைத்திறன் கல்வியும் அளித்துப் பார்த்ததில், மாணவர்களின் மனநலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கலுக்கு ஆளாகும் நிலையிலிருந்த சிலருக்கு அது பொருந்தவில்லை என்பதற்கான அறிகுறிகளும் இருந்தன. ஆசிரியர்களுக்கோ, குறுகிய காலத்துக்கேனும், பணிச்சோர்வு குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எட்டு வாரம் தாங்களே பயின்ற பின்னர்தான் வகுப்பெடுக்க வந்தார்கள்; நம் ஊரிலோ ஒருநாள் பயிலரங்கோடு சான்றிதழ் வழங்கிவிடுகிறோம்.

வகுப்பறையில் நடப்பதையும் சற்றே எண்ணிப் பாருங்கள். நாற்பது பேரையும் கண்களை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லும்போது, வீசிங் உள்ள பிள்ளைக்கு மூச்சின் மீது கவனம் போவதே பதற்றத்தைக் கூட்டக்கூடும். முந்தைய இரவு வீட்டில் அடிதடியைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு, கண்ணை மூடினால் அந்தக் காட்சியே முன்வந்து நிற்கலாம். அத்தகைய பிள்ளையிடம், கண்களைத் திறந்தபடியே தரையில் பதிந்திருக்கும் பாதங்களை உணரவோ, மின்விசிறியின் ஓசையையும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுக் குரலையும் கேட்கவோ சொல்லலாம். விருப்பமில்லையென்றால் சும்மா உட்கார்ந்திருக்கவும் விடலாம். இந்த நெளிவுசுளிவு தானே பழகிய ஆசிரியருக்குத்தான் கைவரும். பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு இதைச் செய்ய முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதற்கான நேரத்தை விளையாட்டுப் பாடவேளையிலிருந்து எடுக்காதீர்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வது நாம் அனைவரும் அறிந்த கதை. மிச்சமிருப்பதையும் பறித்துக்கொண்டு மனஅமைதி கற்பிப்பதில் பொருளில்லை. வாரத் தேர்வையும், மதிப்பெண்ணை வகுப்பின் முன் உரக்க வாசிக்கும் வழக்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவை தரும் அழுத்தத்தை மூச்சுப் பயிற்சியால் சமாளிக்கும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டுவதும் நியாயமன்று.

எனவே, முதல் ஆண்டில் விருப்பமுள்ள ஆசிரியர்களுக்கு மட்டும் முறையான பயிற்சி அளியுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அதை விருப்பப் பயிற்சியாகத் தொடங்குங்கள். பயிற்சியின்போது கலங்கும் பிள்ளையைப் பார்க்க முழுநேர ஆலோசகர் ஒருவர் வளாகத்திலேயே இருக்கட்டும். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 ஒவ்வொரு வகுப்பறையிலும் பிள்ளைகளின் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருக்கட்டும். அதற்கு அடுத்த கல்வியாண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பள்ளி ஆலோசகர் ஒருவர்