ஒன்றரை ஷிப்ட்டும் உன் செக்கும்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மரச்செக்குக்கு வந்த பெரிய ஆர்டரைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "எடுத்துக்கலாமுங்களா அக்கா?" என்றாய். "யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். நாலு நாள் யோசித்ததை இப்போது எழுதுகிறேன். சொந்தமாகச் சின்னத் தொழில் வைத்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று நீ சம்மதித்ததால் இங்கேயே எழுதுகிறேன்.

அந்த சூப்பர் மார்க்கெட்காரர்கள் மாதம் 1,000 லிட்டர் கடலை எண்ணெய் கேட்கிறார்கள். பாட்டிலில் அவர்கள் பேர். பணம் 60 நாள் கழித்து. அவர்கள் சொல்லும் விலைக்கு மரச்செக்கில் ஆட்டினால் கட்டாது என்பதால், எக்ஸ்பெல்லர் என்கிற எண்ணெய் பிழியும் மிஷின் ஒன்று போடச் சொல்கிறார்கள். ஊர்க் கடலை போதாது என்பதால், பருப்பை மண்டியில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எனக்கு பயம் வந்ததே அதனால்தான்.

என் கதை உனக்குத் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. திருப்பூரில் எட்டு மிஷினோடு நான் ஜாப் ஒர்க், அதாவது மற்றவர்கள் ஆர்டருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற வேலை, ஆரம்பித்தபோது என் மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என்னிடம் தைக்க வருகிற பெண்கள் சாயந்திரம் அஞ்சரைக்கு வீட்டுக்குப் போகணும். அம்மா கம்பெனிக்குப் போய்விட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்த காலத்தில், நானும் தங்கச்சியும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் தூங்கிப்போன நாட்கள் எத்தனையோ. அதை மாற்றுகிற ஒரு இடமாவது நான் வைக்கணும் என்று நினைத்தேன். ஒரே ஷிப்ட், அவ்வளவுதான்.

ஆறாவது மாதம் ஒரு பார்ட்டி அவசர ஆர்டர் கொண்டுவந்தார். கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது, இந்த ஒரு வாரம் மட்டும் ஒன்றரை ஷிப்ட், அதாவது சாயந்திரத்தோடு நிறுத்தாமல் ராத்திரி வரை, ஓட்டிக் கொடுங்கள் என்றார். ஓட்டினோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். அடுத்த மாதம் இரண்டு வாரம். அப்புறம் தீபாவளிக்கு முன்னால் ஒரு மாதம் முழுக்க. இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் சாயந்திரம், ஓவர்லாக் மிஷினில் இருந்த ஒரு பெண் ஏழு வயசு மகனைக் கூட்டிவந்து கட்டிங் டேபிளுக்கு அடியில் படுக்க வைத்திருந்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். அந்தப் பையன் வேஸ்ட் துணியைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

தம்பி, அஞ்சரை மணியை விட்டுவிடலாம் என்று நான் ஒரு நாளும் முடிவெடுக்கவில்லை. யாராவது நேராக வந்து "உன் ஆசையை விட்டுவிடு, இத்தனை பணம் தருகிறேன்" என்று கேட்டிருந்தால் வாசலிலேயே அனுப்பியிருப்பேன். யாரும் அப்படிக் கேட்கவில்லை. இந்த வாரம் மட்டும், இந்த ஆர்டர் மட்டும் என்றுதான் கேட்டார்கள். நானும் அந்தந்த வாரத்தின் லாபத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டினேன்.

திரும்பி வர எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. பெரிய பார்ட்டி ஒருவர் போனார். இரண்டு மிஷினை விற்றேன். வருமானம் குறைந்தது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இன்றைக்கு ஆறு மிஷின், சின்னச் சின்ன உள்ளூர் பார்ட்டிகள், அஞ்சரை மணி. என்னிடம் இருப்பவர்கள் வேறு கம்பெனிக்குப் போவதில்லை. புதுசாக ஆள் தேடி அலையும் செலவு எனக்கு இல்லை. இந்தக் கணக்கை முன்பே போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நான் மனதில் வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்குக் கோவை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனபோதுதான் அரவிந்தை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பற்றித் தேடிப் படித்தேன். எட்டையபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர். முடக்குவாதத்தில் கைவிரல்கள் கோணிப்போன பிறகு அந்தக் கையாலேயே கண் அறுவை சிகிச்சை கற்றவர். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு யாருக்கும் இருக்கக் கூடாது, அதுதான் அவர் நோக்கம்.

எனக்குப் பிடித்தது அந்த நோக்கம் மட்டும் இல்லை. நல்ல நோக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது. அது அவருடைய அன்றாட வேலைக்குள் எப்படி இறங்கியது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டேபிள். ஒன்றில் அறுவை சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் இன்னொருவரைத் தயார்படுத்தி வைப்பார்கள். டாக்டரின் ஒரு நிமிஷமும் வீணாகக் கூடாது, ஏனென்றால் வெளியே காத்திருப்பவர்கள் அவ்வளவு பேர். காசு கொடுக்கிறவர்களின் கட்டணத்தில் மிஞ்சுவது, கொடுக்க முடியாதவர்களுக்கான செலவுக்குப் போனது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டில் இருந்து வந்த காலத்தில் அதன் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை, அவர்களுக்குத் தடித்த கண்ணாடிதான். அதனால் 1992-இல் ஆரோலேப் என்று சொந்தமாகவே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதே 1992-இல் இன்னொன்றும் செய்தார்கள். தங்கள் முறையை மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார். ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரி ஆகணும் என்பது நோக்கமாக இருந்தால், தொழில் ரகசியத்தை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது நஷ்டம். பார்வையிழப்பு இருக்கக் கூடாது என்பது நோக்கமாக இருந்தால், கற்றுக்கொடுக்காமல் இருப்பதுதான் நஷ்டம். செலவு ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே காரியம் லாபக் கணக்கிலோ நஷ்டக் கணக்கிலோ போய் உட்கார்கிறது. இது புரிந்த பிறகுதான் என் ஒன்றரை ஷிப்ட் எந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தெரிந்தது.

இப்போது உன் விஷயம். செக்கு இறக்கிய அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சேவூர் கடலை ஏலத்தில் மூட்டையை வைத்துக்கொண்டு, அன்றைக்கு விழுந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையைப் பிசைந்துகொண்டு வந்த உன் அப்பாவை, என் சித்தப்பாவைச் சொன்னாய். "நம்மூர்க் கடலை நம்மூர்லயே எண்ணெயாகணும். அப்பா மாதிரி யாரும் நிக்கக் கூடாது. பாப்பாவை ஸ்கூல்ல இருந்து நான்தான் கூட்டி வரணும்" என்றாய். சித்தி அழுதுவிட்டார்கள்.

அந்த மூன்றையும் இந்த ஆர்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார். மண்டிப் பருப்பு வந்தால் ஊர்க் கடலை மறுபடியும் ஏலத்துக்குத்தான் போகும். எக்ஸ்பெல்லர் வந்தால் சூட்டில் பிழிகிறாய், அதே பருப்பில் எண்ணெய் கூட வரும், ஆனால் உன் வாடிக்கையாளர்கள் எதற்காக உன் கடைக்கு வருகிறார்களோ அது அந்த எண்ணெயில் இருக்காது. ராத்திரியும் ஓட்டினால் பாப்பாவை யார் கூட்டி வருவது? மூன்றும் ஒரே கையெழுத்தில் போகின்றன.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு என்பது நீ எனக்குச் சொன்ன கணக்கு. மாதம் 2,500 கிலோ. 60 நாள் கடன் என்றால் எந்த நேரத்திலும் 5,000 கிலோ பருப்பின் விலை அவர்கள் அலமாரியில் நிற்கும், கூலியும் கரண்ட் பில்லும் தனி. அந்தப் பணத்துக்கு வட்டி கட்டப்போவது நீ. இன்னொன்றும் தெரிந்துகொள். 2006-ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த 60 நாளை அவர்கள் கேட்கவே முடியாது. உன் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பத்திரமாக வை.

நீ ஒன்று கேட்பாய் என்று தெரியும். ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு கடன் தவணை கட்ட முடியுமா? முடியாது. அரவிந்தும் காசு கொடுக்கிறவர்கள் வந்ததால்தான் கொடுக்க முடியாதவர்களைப் பார்க்க முடிந்தது. அதனால் அவர்களை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லாதே. 200 லிட்டர், உன் பேர் போட்ட பாட்டில், மரச்செக்கு விலை, பாதி முன்பணம் என்று கேள். ஒத்துக்கொண்டால் நல்லது. ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர்களுக்கு வேண்டியது உன் எண்ணெய் இல்லை, மலிவான எண்ணெய். அதைக் கொடுக்க நிறைய பேர் இருக்கிறார்கள்.

ஒருவேளை உன் ஆசையே மாறியிருக்கலாம். பெரிய மில் வைக்கணும் என்று இப்போது தோன்றினால் அதில் தப்பே இல்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு மாற்று. உன் வீட்டுக்காரியிடம் சொல், கடலை கொடுக்கிற அந்த ஒன்பது குடும்பத்துக்கும் சொல். என்னைப் போல, மாறியது தெரியாமலே மாறிப்போகாதே.

சனிக்கிழமை சம்பளம் கொடுத்து முடித்ததும் நான் நாள்வழி நோட்டைத் திறந்து, அந்த வாரம் யாராவது அஞ்சரைக்கு மேல் இருந்தார்களா என்று மட்டும் பார்ப்பேன். இருந்தால் சிவப்பு மையில் தேதி. வருஷத்துக்கு நாலைந்து சிவப்பு இன்னும் விழத்தான் செய்கிறது. உனக்கு வேண்டுமானால், ஊர்க் கடலை எத்தனை மூட்டை, வெளிக் கடலை எத்தனை மூட்டை என்று இரண்டு பத்தி போட்டுப் பார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் வருகிறோம். கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெய் அஞ்சு லிட்டர் எடுத்து வை, பணம் கொடுத்துத்தான் வாங்குவேன். கொள்முதல் நோட்டையும் வெளியே எடுத்து வை. உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா