செயலாளரின் ஆண்டறிக்கை: பாயிண்டுக்குத் துணையாக டிரான்சிஸ்டர்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் பட்டறைக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே வேலையைச் சுற்றி நடந்தன: பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனைகளால் பொறி உண்டாக்கும் முறை) உள்ள பழைய கார்களில் டிரான்சிஸ்டர் மாட்யூல் (சிறு மின்னணுப் பெட்டி) பொருத்துவது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த அறிக்கை அந்த வேலையைப் பற்றியது.

12 வோல்ட் பேட்டரி, 3 ஓம் காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) என்றால் பாயிண்ட் வழியாக ஏறத்தாழ 4 ஆம்பியர் ஓடுகிறது. திறக்கும்போதெல்லாம் தீப்பொறி தட்டி ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் உண்டாகின்றன. மாட்யூல் வைத்தபின் காயில் மின்னோட்டத்தை வெட்டுவது டிரான்சிஸ்டர். பாயிண்ட் வெறும் சுவிட்ச். அதில் ஓடுவது கால் ஆம்பியர்தான், முகம் எரியாது. கேமில் (பாயிண்டைத் திறக்கும் சுழல் முகடு) உரசும் ஹீல் மட்டும் முன்போலவே தேயும். தேயத் தேய இடைவெளி சுருங்கும், டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) கூடும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கும். கேமில் துளி கிரீஸ் வைப்பதையும் ஃபீலர் கேஜையும் கைவிட முடியாது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்டிரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் கருவி) லூகாஸ் 25டி என்றால் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.

வயரிங்கில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். 1960களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த்தில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடலோடு சேர்ந்திருப்பது) வந்தன. நெகட்டிவ் எர்த் மாட்யூலை அதில் மாட்டினால் சாவி திருப்பிய கணமே போய்விடும். பாயிண்ட் வயரைக் காயிலிலிருந்து கழற்றி மாட்யூலின் உள்ளீட்டில் கொடுத்து, மாட்யூலின் வெளியீட்டைக் காயிலின் அதே முனையில் மாட்ட வேண்டும். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலின் மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) உள்ள வண்டியில் மாட்யூலுக்கான மின்சாரத்தைப் பேலஸ்டுக்கு முன்னாலேயே, சாவிப் பக்கத்தில் எடுங்கள். பேலஸ்டைத் தூக்கிவிட்டு 1.5 ஓம் காயிலை நேரடியாக ஓட்டினால் 8 ஆம்பியர் பாயும். காயிலும் டிரான்சிஸ்டரும் தாங்காது.

அதிகம் பேர் தடுமாறிய இடம் புதுப் பாயிண்ட். துரு பிடிக்காமலிருக்க அதில் எண்ணெய்ப் படலம் பூசி வருகிறது. பழைய முறையில் 4 ஆம்பியர் பொறி அதை எரித்துவிடும். கால் ஆம்பியருக்கு அந்த வலு இல்லை. வண்டி ஸ்டார்ட் ஆகும், பிறகு மிஸ் அடிக்கும், பழி மாட்யூல்மேல் விழும். ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளை அட்டைத் துண்டைப் பாயிண்டுக்கு நடுவில் வைத்து, அட்டையில் கறை வருவது நிற்கும்வரை இழுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் முகத்தில் பதிந்துவிடும். சொந்தமாகச் சர்க்யூட் கட்டுபவர்கள் இதே காரணத்தால் பாயிண்ட் மின்னோட்டத்தை 100 மில்லியாம்பியருக்குக் கீழே இறக்கக்கூடாது. 47 ஓம் ரெசிஸ்டர் கால் ஆம்பியர் தரும். 14 வோல்ட்டில் பாயிண்ட் மூடியபடி நின்றால் அது 4 வாட்டுக்கு மேல் சுடும் என்பதால் 10 வாட் ரகம் போடுங்கள்.

டிரான்சிஸ்டரை அலுமினியப் பெட்டியில் மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு, வெப்பப் பசை, திருகுக்கான பிளாஸ்டிக் புஷ் (உறை) மூன்றும் வைத்தே இறுக்க வேண்டும். புஷ் விடுபட்டால் திருகு வழியே எர்த் ஆகி, காயில் அணையாமல் கொதிக்கும். பெட்டி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். வண்டி சூடானபின் நின்று, ஆறியதும் ஓடினால் முதலில் இந்தப் பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டைமிங் பார்க்கும் பல்பு இனி பாயிண்ட் வயரில் எரியாது. நடுவில் 47 ஓம் இருக்கிறது. மல்டிமீட்டர் வையுங்கள்: மூடியிருந்தால் பூஜ்யத்துக்கு அருகில், திறந்தால் 12 வோல்ட். மூடிய நிலையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகட்டை எர்த் செய்யும் சிறு வயரைப் பாருங்கள். வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னே நகர்த்தும் அமைப்பு) தகட்டை அசைக்க அசைக்க, மேலுறை நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இழைகள் அறுந்திருக்கும்.

பொறி பெரிதாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதே காயில், அதே மின்னோட்டம். இந்த முறையை நிர்வாகக் குழு பரிந்துரைப்பது வேறு காரணத்துக்காக. நடுவழியில் மாட்யூல் செத்தால் பாயிண்ட் வயரைப் பழையபடி காயிலில் மாட்டி வீடு வந்து சேரலாம். பாயிண்டையே எடுத்துவிடும் மாற்று முறைகளில் இந்த வசதி இல்லை. மாட்யூல் இல்லாமல் பாயிண்டில் ஓட்டக் கண்டன்சர் (பாயிண்டில் தட்டும் தீப்பொறியைத் தணிக்கும் சிறு உருளை) வேண்டும். அதைத் தூக்கி எறியாமல் டிஸ்டிரிபியூட்டரிலேயே விடுங்கள்.

டிஸ்டிரிபியூட்டரின் தாங்கு புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடுவதை மாட்யூல் சரிசெய்யாது. வரும் ஆண்டுக் கூட்டங்களை அந்த வேலைக்கு ஒதுக்கக் குழு முடிவு செய்துள்ளது. ஆட்டம் உள்ள டிஸ்டிரிபியூட்டர்களை உறுப்பினர்கள் கழற்றி எடுத்து வரலாம். கழற்றும் முன் ரோட்டார் (டிஸ்டிரிபியூட்டருக்குள் சுழலும் கை) நிற்கும் திசையைக் குறித்துக்கொள்ளவும்.

செயலாளர்