இரண்டு மடங்கு தெளித்தாலும் சாகாத உண்ணி: சுற்றறிக்கைக்கு ஒரு பதில்

மாட்டுண்ணிக் கட்டுப்பாட்டுத் திட்டம் வகுப்பவர்களுக்கும், உண்ணிமருந்துகளுக்கு ஒப்புதல் தருபவர்களுக்கும்,

வணக்கம்.

டெல்டாமெத்ரின் என்ற உண்ணிமருந்தைத் தெளித்தும் உண்ணி உதிராத மந்தைகளில் அதே மருந்தை இரண்டு மடங்கு அளவில், வாரம் ஒரு முறை தெளிக்கும்படி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தோம். மருந்து பலிக்காததற்குப் பெரும்பாலும் கலவைப் பிழைதான் காரணம் என்று ஒரு வரியும் அதில் இருக்கிறது. புகார் கொடுத்தவர்களிடம் இதுவரை வாய்மொழியாகச் சொல்லிவந்த வரி, இப்போது அச்சில் ஏறியிருக்கிறது.

எங்கள் கோரிக்கை சிறியது. மருந்து பலிக்காத மந்தையின் உண்ணியை எடுத்துச் சோதியுங்கள். அதற்குப் பிறகு மருந்து எழுதுங்கள்.

கலவைப் பிழை நடப்பதே இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. மில்லிக்கு 12.5 மில்லிகிராம் உள்ள டெல்டாமெத்ரினை லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்தால் 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) கிடைக்கும். வளர்ந்த மாட்டின் உடம்பு முழுக்க நனைய நாலைந்து லிட்டர் வேண்டும்; பலர் முதுகிலும் விலாவிலும் ஒரு லிட்டரை விசிறிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். காதின் உட்புறமும் வாலடியும் தொடைச்சந்தும் நனைவதே இல்லை. மாட்டை இறக்கி முக்கும் தொட்டியில் இன்னொரு சிக்கல்: தண்ணீர் குறைவதைவிட வேகமாக மருந்து மயிரோடு ஒட்டிக்கொண்டு வெளியேறும். வெறும் தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தால், கடைசியில் இறங்கும் மாடுகளுக்குக் குளியல்தான் மிச்சம். அமிட்ராஸ் என்ற வேறொரு உண்ணிமருந்தின் தொட்டியில் சுண்ணாம்பு போட்டுக் காரத்தைக் கூட்டி வைக்காவிட்டால் மருந்து நாளடைவில் சிதைந்துவிடும். இதெல்லாம் உண்மை.

ஆனால் தெளிப்பில் நேர்ந்த பிழைக்கு ஒரு தடயம், மருந்தைத் தாங்கும் உண்ணியின் எதிர்ப்புத்திறனுக்கு வேறு தடயம். தெளித்த மூன்றாம் நாள் மாட்டைத் தடவிப் பாருங்கள். காதுக்குள்ளும் மடிச்சந்திலும் மட்டும் உண்ணி உயிரோடு இருந்தால் மருந்து அங்கே போய்ச் சேரவில்லை. நன்றாக நனைந்த கழுத்திலும் விலாவிலும் எல்லாப் பருவத்து உண்ணியும் உயிரோடு ஒட்டியிருந்தால், கலவையும் சரியாக இருந்தால், எதிர்ப்புத்திறனைத்தான் சந்தேகிக்க வேண்டும். நாள் கணக்கும் உதவும். ரைபிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற மாட்டுண்ணி லார்வாவாக (குஞ்சாக) ஏறி, முதிர்ந்து, ரத்தம் குடித்து உப்பி விழுவது வரை ஒரே மாட்டின் மேல்தான் இருக்கிறது. அதற்குச் சுமார் 21 நாள் ஆகும். தெளித்த ஐந்தாம் நாளே உப்பிய பெண் உண்ணி தென்பட்டால், அது தெளிப்பின்போது மாட்டின் மேல் இருந்து தப்பியது. இருபது நாள் கழித்துத்தான் தென்படுகிறது என்றால் புல்லிலிருந்து புதிதாக ஏறியது. (வளர்ச்சியைத் தடுக்கும் ஃபுளுவசுரானுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது முதிர்ந்த உண்ணியைக் கொல்வதில்லை.)

இந்த எளிய விசாரணைகூட இல்லாமல் தெளித்தவர் தலையில் பழியைப் போடுகிறீர்கள். அவரும் தன் கையில்தான் பிழை என்று நம்பி மறுபடி கலக்குகிறார், மறுபடி தெளிக்கிறார். மருந்துச் சாரல் அவருடைய மூச்சிலும் தோலிலும்தான் படுகிறது. தெளித்த பிறகு விற்கக்கூடாத நாட்களின் பாலைக் கொட்டுவதும் அவர்தான். இதற்கிடையில் உண்ணி பேபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணியைக் கடத்திவிட்டால் மாடு காய்ச்சலில் படுத்து ரத்த நிறத்தில் சிறுநீர் கழிக்கிறது. அந்த நேரத்தில் அவர் கையில் இருப்பது உங்கள் சுற்றறிக்கை: இன்னும் இரண்டு மடங்கு.

இரண்டு மடங்கு ஏன் உதவாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தும் எழுதவேண்டியிருக்கிறது. டெல்டாமெத்ரின் சேர்ந்த வகையான பைரித்ராய்டு மருந்துகள் உண்ணியின் நரம்பிலுள்ள சோடியம் வாயிலைத் தாக்குகின்றன. அந்த வாயில் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் மருந்து பிடிப்பதில்லை. இந்தச் சடுதிமாற்றம் பெரும்பாலும் ஒடுங்கு தன்மையுள்ளது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரு பிரதியும் வந்த உண்ணிக்குத்தான் முழு எதிர்ப்பு. ஒரு மந்தையின் உண்ணிகளில் மாறிய இந்த மரபணுவின் பங்கு 10 விழுக்காடு என்று வையுங்கள். கலப்பு சீராக இருந்தால் இரு பிரதி கொண்டவை 100-க்கு 1. ஒரு பிரதி கொண்டவை 18. தெளித்தால் 99 சாகும். அறிக்கையில் “பலன் 99 விழுக்காடு” என்று அழகாக எழுதலாம். தப்பிய அந்த ஒன்று பெண்ணாக இருந்தால் 2,000 முதல் 3,000 முட்டை இடும்.

அளவைக் கூட்டினால் ஒரு பிரதி கொண்டவை ஒன்றுகூடத் தப்பாமல் சாகும் என்பது சரியான வாதம்தான். எதிர்ப்புள்ளவை அரிதாகவும், அவற்றோடு இணைசேர எதிர்ப்பில்லாத உண்ணி ஏராளமாகவும் இருக்கும் வரை அது பலிக்கும். நீங்கள் அளவைக் கூட்டச் சொல்வதோ ஏற்கெனவே மருந்து தோற்ற மந்தைகளில். அங்கே இரண்டு மடங்கு மருந்து மற்ற எல்லாவற்றையும் கொன்று, எதிர்ப்புள்ளவற்றுக்கு மாட்டைக் காலி செய்து கொடுக்கிறது.

எந்தச் சடுதிமாற்றம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். சோடியம் வாயிலின் மூன்றாம் பகுதியில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் ஐசோலியூசின் வருவது ஒன்று. இரண்டாம் பகுதியில் லியூசின் இருந்த இடத்தில் ஐசோலியூசின் வருவது வேறொன்று. முதலாவதை மட்டும் தேடும் பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை, இரண்டாவதைச் சுமக்கும் உண்ணிக்கு “எதிர்ப்பு இல்லை” என்று நற்சான்று கொடுத்துவிடும். வேறு எங்கோ செய்த சோதனையின் முடிவை இரவல் வாங்கி இங்கே ஒட்டக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

உண்ணி என்று ஒரே பெயரால் அழைக்கிறோமே தவிர, அதுவே ஒன்றல்ல. ஆஸ்திரேலிய உண்ணியை அர்ஜென்டினா, மொசாம்பிக் உண்ணிகளோடு இணைசேர்த்தபோது பிறந்தவை மலடாயின. 2012-இல் ஆஸ்திரேலிய உண்ணி ரைபிசெபாலஸ் ஆஸ்திராலிஸ் என்ற தனி இனமாக மீண்டும் பிரிக்கப்பட்டது. மைக்ரோபிளஸ் என்று எஞ்சியவற்றிலும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பார்த்தால் ஏ, பி, சி எனக் கிளைகள் தெரிகின்றன. 1942-இல் நியூ கலிடோனியாவில் நுழைந்த உண்ணி, மாட்டில் ஒரு கூட்டமும் ரூசா மானில் வேறொரு கூட்டமுமாக மரபளவில் பிரிந்துவிட்டது. ஒரே நிலப்பரப்பு, நூறு ஆண்டுகூட ஆகவில்லை. தடுப்பூசிக்கும் இதே கதிதான். உண்ணியின் பி.எம்.86 என்ற குடல்புரதத்தை வைத்துச் செய்த தடுப்பூசி கியூபாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேலை செய்தது. அர்ஜென்டினாவின் ஓர் உண்ணி வகையிடம் எடுபடவில்லை, அந்தப் புரதத்தின் மாற்றுவடிவத்தைத் தேட வேண்டியதாயிற்று. மாட்டுண்ணியின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 710 கோடி எழுத்து நீளம், மனிதனுடையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு மடங்கு என்ற எண் உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். “மருந்தை மாற்றிக் கொடுத்தோம்” என்று அறிக்கைகளில் படிக்கிறோம். டெல்டாமெத்ரினிலிருந்து சைபர்மெத்ரின், அதிலிருந்து ஃப்ளூமெத்ரின். மாறியது டப்பாவின் நிறம். மூன்றும் தட்டுவது அதே சோடியம் வாயிலைத்தான். 1930-களில் ஆர்செனிக்குக்குத் தப்பக் கற்ற உண்ணி இது. பிறகு டி.டி.டி., ஆர்கனோபாஸ்பரஸ், பைரித்ராய்டு, அமிட்ராஸ் என்று ஒவ்வொன்றாகக் கடந்தது. 2001-இல் ஐவர்மெக்டினுக்கும், 2014-இல் ஃபுளுவசுரானுக்கும் எதிர்ப்புள்ள உண்ணி பிரேசிலில் பதிவாயிற்று. 2014-இன் அந்த ஒரே கூட்டம் ஆறு வகை மருந்தையும் தாங்கி நின்றது. மருந்துப் பெயர்ப் பட்டியல் போடும் அன்பர்கள் வகையின் பெயரையும் பக்கத்தில் எழுதினால் குறைந்தா போய்விடும்?

கோபம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது, பொறுத்தருளுங்கள். கேட்க வந்தது சோதனையை. அது எட்டாத காரியமல்ல.

முந்தைய மருந்தின் வீரியம் தீர்ந்த மந்தையாகப் பாருங்கள். ஒரே மாட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு தாய் இட்ட முட்டைக் குவியலின் பிள்ளைகள் ஒன்றாக ஏறியிருக்கக்கூடும், நீங்கள் ஒரு குடும்பத்தைச் சோதித்துவிட்டு மந்தையைச் சோதித்ததாக எண்ணுவீர்கள். பத்து மாடுகளிலிருந்தாவது, முழுதாக உப்பிய பெண் உண்ணிகளை விடியற்காலையில் எடுங்கள். அவை பெரும்பாலும் தாமாக விழும் நேரம் அதுதான். வாயுறுப்பு மாட்டிலேயே அறுந்து நிற்காதபடி மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். காற்றுத் துளையுள்ள டப்பாவில் ஈரத்தாள் போதும். தண்ணீர் தேங்கினால் செத்துவிடும். வெயிலும் வேண்டாம், குளிர்பெட்டியும் வேண்டாம். ஓரிரு நாளில் ஆய்வுக்கூடம் சேர வேண்டும். மரபணுச் சோதனைக்கான உண்ணிகளைத் தனிக் குப்பியில், 70 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். இரண்டையும் எத்தனாலில் போட்டு அனுப்பினால், உயிருள்ள உண்ணியில் மருந்தைச் சோதிக்கும் உயிர்ச்சோதனைக்கு எதுவும் மிஞ்சாது. அது அடிக்கடி நடக்கிறது.

உயிர்ச்சோதனையில் லார்வா பொட்டலமுறை நம்பகமானது. மருந்து ஊறிய வடிதாள் பொட்டலத்தில் சுமார் 100 லார்வாவை அடைத்து, 27 முதல் 28 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்க, 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். மருந்தில்லாத பொட்டலத்திலேயே பலதும் செத்திருந்தால் சோதனையைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். ஆனால் உண்ணி முட்டையிட்டு, பொரித்து, லார்வா பதமாகும் வரை ஐந்தாறு வாரம் ஆகிவிடும். முதிர்ந்த உண்ணியை மருந்தில் முக்கி, ஏழு நாளில் முட்டையை எடைபோடும் முறை ஓரளவு விரைவு. மரபணுச் சோதனைக்குச் சில நாட்கள் போதும். 99 விழுக்காடு என்ற திருப்திக்குள் ஒளிந்திருக்கும், ஒரு பிரதி கொண்ட அந்த 18-ஐயும் அதுதான் காட்டும். எனவே முதலில் மரபணுச் சோதனை, கூடவே உயிர்ச்சோதனை; ஒன்று மற்றொன்றுக்கு மாற்றல்ல, நமக்கு இன்னும் தெரியாத சடுதிமாற்றங்களும் உண்டு.

ஆகவே, தயவுகூர்ந்து: இரண்டு மடங்கு என்ற அறிவுரையை, சோதனை முடிவு வரும்வரையாவது நிறுத்திவையுங்கள். கலவைப் பிழை என்ற வரியை எடுத்துவிடுங்கள். மருந்து பலிக்காத மந்தையின் உண்ணியைச் சோதியுங்கள். எந்த மருந்து வகை எங்கே தோற்றது என்ற முடிவை, மாட்டுக்குத் தெளிப்பவர் படிக்கும்படி வெளியிடுங்கள். மாதிரி எடுக்கவும் எண்ணவும் ஆள் போதவில்லை என்றால் சொல்லியனுப்புங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
உண்ணிகளோடும் மாடுகளோடும் வேலை செய்வோர்