சோமூருக்கு ஒரு நடை போய் வா தம்பி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எனக்குப் பின்னால் இருந்த மேஜையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ரிட்டயர் ஆகியும் பல்லு செஞ்சிக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டாய். பல் இல்லைடா. உன் தாத்தா வாங்கி வந்த டாங்கி. நீ அவசரத்தில் இருந்தாய், நானும் அப்புறம் சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன். இது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன்னிடம் ஒரு வேலையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளை அடிக்க ஆள் வந்தபோது பரணைக் காலி பண்ணினோம், அங்கேதான் கிடைத்தது. தாத்தா பென்ஷன் விஷயமாக பிரான்ஸ் போய்த் திரும்பும்போது மாமாவுக்கு வாங்கி வந்த பிளாஸ்டிக் கிட், 1/35 அளவு, அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, ஏ.எம்.எக்ஸ். 13 என்கிற பிரெஞ்சு டாங்கி. மாமா அடிப்பகுதியையும் சக்கரங்களையும் ஒட்டிவிட்டு, பரீட்சை வந்ததும் மூடி வைத்தவன்தான், பிறகு தொடவில்லை. செய்முறைத் தாளின் ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது, ஸ்டிக்கர் தாள் மஞ்சளாகிவிட்டது, மற்றபடி ஒரு பாகம் தவிர எல்லாம் இருக்கிறது.

நீ உடனே புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்பாய். இப்போது வருகிற கிட்டுகளில் மயிரிழை மாதிரி வேலை இருக்கிறது என்று தெரியும், படங்களில் பார்த்தேன். அது வேண்டாம். கடையில் எத்தனையோ இருந்திருக்கும், தாத்தா பொறுக்கி எடுத்தது இதைத்தான். அவர் அல்ஜீரியாவில் மெக்கானிக்காக இருந்தபோது இந்த வண்டிக்குக் கீழேதான் படுத்துக் கிடந்தார். தெருவில் எங்கள் வீட்டை சொல்தா வீடு, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீடு என்றுதான் சொல்வார்கள், ஜூலை 14 அன்று மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்துக்கு அவர் போவதை நீயே சின்ன வயசில் பார்த்திருக்கிறாய். ஆனால் சண்டையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டியைப் பற்றி மட்டும் பேசுவார், அதுவும் பாராட்டித்தான்.

பேரில் இருக்கிற 13 என்பது எடை, 13 டன் என்று தீர்மானித்து வரைந்த வண்டி. விமானத்தில் ஏற்ற முடிய வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். அதை உண்மையிலேயே செய்து காட்டியது நம்ம நாடு, 1962 அக்டோபரில் சீனாவோடு சண்டை நடந்தபோது ஆன்டனோவ் 12 விமானத்தில் இந்த டாங்கிகளை ஏற்றி லடாக்கில் பதினாலாயிரம் அடி உயரத்தில் இருக்கிற சூசூலில் கொண்டுபோய் இறக்கினார்கள். அதே 1962 ஜூலையில்தான் அல்ஜீரியா விடுதலை அடைந்தது, ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. தாத்தா இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுவார், தன் வண்டி தனக்கு முன்னாலேயே இந்தியா வந்து சேர்ந்துவிட்டது என்று.

சரி, வேலைக்கு வருகிறேன். பெட்டியில் இருக்கிறபடியே ஒட்டினால் பொம்மைதான் வரும். காரணம் தடிமன். வண்டிமேல் ஏறுகிறவன் பிடிக்கிற கம்பியை எடுத்துக்கொள், கிட்டில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் மேலே. 35-ஆல் பெருக்கிப் பார், மூன்றரை சென்டிமீட்டர் குழாய், நம்ம மாடிப்படிக் கைப்பிடி மாதிரி. நிஜத்தில் அந்தக் கம்பி பதினெட்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இங்கே அரை மில்லிமீட்டர்தான் வர வேண்டும். அரை மில்லிமீட்டர் ஸ்டீல் கம்பி என்னிடம் சுருள் சுருளாக இருக்கிறது! முப்பது வருஷம் பல் லேபில் குழந்தைகளுக்குப் பல் கிளிப் வளைத்த கம்பி, அதை வளைக்கிற ஆடம்ஸ் பிளையரும் இருக்கிறது. வார்த்திருந்த பிடிகளையெல்லாம் கத்தியால் சீவித் தள்ளிவிட்டு, பல் குடைகிற சின்ன உருண்டை முனை, கால் நம்பர் ரவுண்ட் பர், அதால் துளை போட்டேன். அதன் தலை சரியாக அரை மில்லிமீட்டர், கம்பி இறுக்கமாக உட்காரும். மெஷினில் மாட்டி ஓட்டக் கூடாது, வேகத்தில் பிளாஸ்டிக் உருகிப் பர்ரில் சுற்றிக்கொள்ளும். விரல்களுக்கு நடுவில் வைத்துத் திருகித் திருகித்தான் இறக்க வேண்டும். இன்னொன்று, கம்பி தகட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது. உறை போட்ட கை உள்ளே நுழைய ஏழு சென்டிமீட்டர் இடம் வேண்டும், அதாவது இங்கே இரண்டு மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள அட்டைத் துண்டைக் கம்பிக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒட்டினேன், எல்லாப் பிடியும் ஒரே உயரத்தில் நிற்கிறது. பார்த்தால் யாரோ இப்போதுதான் பிடித்து ஏறிப் போன மாதிரி இருக்கிறது, எனக்கே கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

இந்த வண்டியின் உடம்பு முழுக்க வெல்டிங்கில் சேர்த்த இரும்புத் தகடு. கிட்டில் மூலைகள் மொழுமொழுவென்று சோப்புக் கட்டி மாதிரி இருந்தன. பாகங்களைத் தாங்கி நிற்கிற பிளாஸ்டிக் சட்டத்தை ஸ்ப்ரூ என்கிறார்கள், நாங்களும் பல் கேப் காஸ்டிங்கில் உலோகம் ஓடுகிற வழியை அதே பேரில்தான் சொல்வோம், அதனால் முதல் நாளே அந்நியமாகத் தெரியவில்லை. அந்தச் சட்டத்தை மெழுகுவத்திக்கு மேலே காட்டி, பளபளப்பு ஏறியதும் வெளியே எடுத்து மெல்ல இழுத்தால் நூலாக நீளும். அந்த நூலைத் தகடுகள் சேர்கிற கோட்டில் படுக்கவைத்து, மேலே பிளாஸ்டிக் சிமென்ட் தடவி, அது இளகுகிற நேரத்தில் மெழுகு கத்தி முனையால் நெருக்க நெருக்கமாக அழுத்திக்கொண்டே போனால் வெல்டிங் தழும்பு வந்துவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. அவசரப்பட்டால் நூல் கரைந்தே போய்விடும்.

ஒரு தப்பும் நடந்தது, சொல்லிவிடுகிறேன். கமாண்டர் மூடியைச் சுற்றி, உள்ளிருந்து வெளியே பார்க்க இருக்கிற பெரிஸ்கோப்பில் ஒன்று தொலைந்துபோயிருந்தது, அந்த ஒரு பாகம் இதுதான். இருக்கிற ஒன்றுக்கு பல் அச்சு எடுக்கிற சிலிக்கோன் மாவில் அச்சு எடுத்து, பல் செட்டுக்குப் போடுகிற செல்ஃப் க்யூர் அக்ரிலிக்கை ஊற்றினேன். அச்சு பிரமாதமாக வந்தது. ஆனால் பாட்டிலை நகர்த்தும்போது அக்ரிலிக்கில் கலக்கிற லிக்விட் ஒரு சொட்டு டாங்கியின் மட்கார்டில் விழுந்துவிட்டது, பதறிப்போய் விரலால் துடைத்துவிட்டேன். துடைக்கவே கூடாது. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கிற சரக்கு, இத்தனை வருஷம் அதோடு புழங்கிய எனக்கு அது தெரியாதா? என் விரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, அப்பா பொருளைக் கெடுத்துவிட்டேனே என்று. அப்புறம் ஸ்ப்ரூ துண்டுகளைச் சிமென்ட்டில் ஊறவைத்துக் கூழாக்கி அந்தப் பள்ளத்தில் நிரப்பினேன், மூன்று நாள் காயவிட்டு 600, அப்புறம் 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்தேன். இப்போது தெரியாது. மழைக்காலமாக இருந்திருந்தால் ஒரு வாரம் காயவிட்டிருப்பேன்.

இந்த டாங்கியில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் தலை. அந்தச் சுழலும் தலையை டரட் என்பார்கள். மற்ற டாங்கிகளில் டரட் அப்படியே நிற்கும், துப்பாக்கிக் குழல் மட்டும் ஏறி இறங்கும். இதில் டரட்டே இரண்டு துண்டு, மேல் துண்டில் குழல் அசையாமல் பொருந்தியிருக்கிறது, குழல் உயர வேண்டுமென்றால் மேல் துண்டு முழுசாக அதோடு சேர்ந்து சாயும். மேல் தாடை, கீழ் தாடை என்று வைத்துக்கொள், லேபில் பல் செட் கடி பார்க்க ஆர்ட்டிகுலேட்டரில் மாட்டுவோமே அதே கீல்தான். அப்படிச் செய்ததால் பின்பக்கம் ஆறு ஆறு குண்டாக இரண்டு உருளைகளை வைத்து, அதிலிருந்து தானாகவே குண்டு ஏறுகிற மாதிரி பண்ண முடிந்தது, உள்ளே மூன்று பேர் போதும். பன்னிரண்டும் தீர்ந்தால் வெளியே இறங்கித்தான் மறுபடி நிரப்ப வேண்டும். அந்தப் பன்னிரண்டை நினைத்துத்தான் உள்ளே இருக்கிறவனுக்கு வேர்க்கும் என்று தாத்தா சொல்லியிருக்கிறார்.

இரண்டு துண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைத் துணி மாதிரி ஓர் உறை மூடியிருக்கும். கிட்டில் அது நாலு கோடு கீறின பிளாஸ்டிக் பட்டை, அதைத்தான் முதலில் வெட்டி எறிந்தேன். ரப்பர் கையுறையிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்துப் பார்த்தேன், மடிப்பு அழகாக விழுந்தது, ஆனால் நம்ம உப்புக் காற்றில் டிராயரில் மறந்த கையுறை ஒரே வருஷத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், அதனால் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். டிஷ்யூ பேப்பரைப் பிரித்து ஒற்றைத் தாளாக்கி, ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு நனைத்து, இரண்டு ஊசியால் புடவைக் கொசுவம் மாதிரி மடித்து மடித்து உட்காரவைத்தேன். காய்ந்ததும் கித்தான் மாதிரியே கெட்டியாகிவிட்டது. குழலைக் கொஞ்சம் தூக்கின நிலையில் ஒட்டியிருக்கிறேன், முன்பக்க மடிப்பு விரிந்தும் பின்பக்கம் நெருங்கியும் இருக்கிறது, அதைப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தலை சாயும் என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

இழுவைக் கயிறு பழைய ஸ்பீக்கர் ஒயரின் செம்பு நூல்களை முறுக்கிச் செய்தது. தோல் வார்களுக்கு மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகடு. ஹெட்லைட்டைக் குடைந்து உள்ளே அதே தகட்டை வைத்து மேலே ஒரு சொட்டு எபாக்ஸி விட்டேன், கண்ணாடி மாதிரி நிற்கிறது. மஞ்சளான ஸ்டிக்கர் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி மேற்கு வெயிலில் இரண்டு வாரம் விட்டேன், பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. பழசு தண்ணீரில் போட்டதும் நொறுங்கும் என்பதால் மேலே வார்னிஷ் ஒரு கோட் கொடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது உன் வேலை. டிரைவர் மூடி கிட்டில் மூடியபடியே வார்த்திருக்கிறது. நான் அதைச் சுற்றிக் கீறிக் கீறித் தனியாக எடுத்துவிட்டேன், திறந்து வைக்கப் போகிறேன். தாத்தாவின் இடது கைச் சுண்டுவிரல் நகம் கோணலாக இருக்குமே, நீ பிடித்துப் பிடித்துப் பார்ப்பாய், அது இந்த மூடி விழுந்து நசுங்கியது. மூடியின் உட்பக்கம் எப்படி இருக்கும், கீல் எந்த இடத்தில், திறந்த மூடி விழாமல் எது பிடித்துக்கொள்கிறது, இதெல்லாம் கிட்டில் கிடையாது. கையால் செய்கிறவளுக்கு அளவு வேண்டும், உத்தேசமாகச் செய்ய மனசு வரவில்லை.

நீ இருக்கிற ஆஞ்சேயிலிருந்து சோமூர் ரயிலில் பக்கம்தானே. அங்கே கவச வண்டிகளுக்கென்றே பெரிய மியூசியம் இருக்கிறது, ஏ.எம்.எக்ஸ். 13 அங்கே நிற்கிறது. ஒரு சனிக்கிழமை போய் வா. மூடியையும் கீலையும் நேராக நின்று எடு, சாய்வாக எடுத்தால் அளவு பொய்யாகிவிடும். கிட்டே போய், ஜூம் பண்ணாமல் எடு. வண்டிமேல் எதையும் வைக்காதே, ஒரு யூரோ காசை விரலில் பிடித்து மூடிக்கு ஒட்டினாற்போல் காட்டி இன்னொரு படம் எடு, காசு 23.25 மில்லிமீட்டர், அதை வைத்து மற்றதை நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். மூடி பூட்டியிருந்தால் அங்கே இருக்கிறவர்களிடம் கேள், தாத்தா இதில் மெக்கானிக்காக இருந்தவர் என்று சொல்லு, உன் பிரெஞ்சுதான் நல்லா இருக்கே. டரட் உறை முன்பக்கம் எங்கே முடிகிறது என்று ஒரு படம். பின்னால் சுட்ட குண்டின் காலிக் கூடு வெளியே விழுகிற கதவு ஒரு படம். போதும். அப்புறம் படம் எடுத்து முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா பக்கத்தில் நில்லு தம்பி, கிடைத்தால் அந்தப் பிடியைத் தொட்டுப் பார், பதினெட்டு மில்லிமீட்டர் சரிதானா என்று எனக்குச் சொல்லு.

பொங்கலுக்கு வரும்போது 0.3 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒரு பாக்கெட் வாங்கி வா, இங்கே ஞாயிறு சந்தையில் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். படம் வருகிறவரை மூடியைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து வைத்திருக்கிறேன். குளிர் அதிகமாக இருந்தால் அடுத்த வாரம் போ, காதைக் கட்டிக்கொண்டு போ.

அம்மா